முதல் மாரத்தானுக்குத் தயாராவது: எதை, எந்த வரிசையில், ஏன்

என் முதல் மாரத்தானில் முதல் பாதியை 1 மணி 58 நிமிடத்தில் கடந்தேன். இரண்டாம் பாதிக்கு 2 மணி 51 நிமிடம் பிடித்தது. 31-வது கிலோமீட்டரில் "ஒரு நிமிடம் நடப்போம்" என்று வேகத்தைக் குறைத்தவன்தான். அப்புறம் ஓட்டம் திரும்பவே இல்லை.

பயிற்சி போதவில்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு குறிப்பேட்டைப் புரட்டியபோது ஓடிய தூரத்தில் பெரிய குறை தெரியவில்லை. வரிசைதான் தலைகீழ். முதல் மாதமே வேகப் பயிற்சியில் இறங்கியிருந்தேன். நீண்ட ஓட்டங்களைக் கடைசி ஐந்து வாரத்தில் திணித்திருந்தேன். வழியில் என்ன சாப்பிடுவது என்பதை ஓட்டத்தன்று காலையில்தான் யோசித்தேன்.

அதற்குப் பிறகு ஆறு மாரத்தான் ஓடியாயிற்று. எங்கள் ஓட்டக் குழுவில் புதிதாகச் சேர்பவர்களைப் பார்க்கிறேன்; நான் விழுந்த அதே பள்ளங்களில்தான் அவர்களும் விழுகிறார்கள். இந்த வழிகாட்டி, நல்லபடியாக ஓடி முடித்தால் போதும் என்று தொடங்குபவருக்கானது. மூன்று மணி நேரத்துக்குள் முடிக்க நினைப்பவருக்கு இது போதாது.

1. பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன்

இரண்டு கேள்விகள். வாரத்துக்கு மூன்று நான்கு நாள், மொத்தம் 25 முதல் 30 கிலோமீட்டர் என்று இரண்டு மாதமாவது தொடர்ந்து ஓடி வருகிறீர்களா? 10 கிலோமீட்டரை ஓடிவிட்டு மறுநாள் நொண்டாமல் வேலைக்குப் போக முடிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் பதிவு செய்யலாம். இல்லையென்றால் முதலில் அந்த இடத்துக்கு வாருங்கள். அதற்கே மூன்று மாதம் ஆகலாம், பரவாயில்லை.

காரணம் இதுதான். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். எலும்பும் தசைநாண்களும் மாதக்கணக்கில் நேரம் கேட்கும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டுகிறோம்; கால் இன்னும் அங்கே வந்து சேர்ந்திருக்காது. புதியவர்களுக்கு வரும் காயங்களில் நான் பார்த்த பெரும்பாலானவை இந்த இடைவெளியில் வந்தவைதான்.

ஓடும்போது நெஞ்சுவலி, தலைசுற்றல், மயக்கம் வந்ததுண்டு என்றாலோ, குடும்பத்தில் இளம் வயதில் யாராவது மாரடைப்பால் இறந்திருந்தாலோ, ரத்த அழுத்தம் அல்லது சர்க்கரை இருந்தாலோ மருத்துவரைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம். பதிவுப் படிவத்தில் "உடல்தகுதியுடன் இருக்கிறேன்" என்ற கட்டத்தில் டிக் அடிப்பது பரிசோதனை ஆகாது.

பிறகு, அந்த ஓட்டத்தின் விதிமுறைகளை ஒரு தடவை முழுதாகப் படியுங்கள். முக்கியமாக கட்-ஆஃப் நேரம், அதாவது ஓடி முடிக்க அவர்கள் தரும் அதிகபட்ச நேரம். 42.195 கிலோமீட்டருக்கு 6 மணி நேரம் என்றால் கிலோமீட்டருக்குச் சராசரியாக 8 நிமிடம் 32 வினாடி. கழிப்பறைக்கு நிற்பது, தண்ணீர் குடிக்க நிற்பது எல்லாம் அதற்குள்ளேதான் அடங்க வேண்டும். சில ஓட்டங்களில் பாதி வழியிலும் கட்-ஆஃப் வைத்திருப்பார்கள். ஐந்து மாதம் பயிற்சி செய்துவிட்டு இதை 30-வது கிலோமீட்டரில் தெரிந்துகொண்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

2. ஓட்ட நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

காலண்டரை எடுத்து ஓட்ட நாளிலிருந்து 18 வாரம் பின்னால் போங்கள். அதற்கும் முன்னால் இரண்டு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வாரம் காய்ச்சலுக்கும் அலுவலக வேலைக்கும் எப்படியும் போய்விடும்.

இன்றிலிருந்து முன்னோக்கித் திட்டம் போட்டால் கடைசியில் வாரம் போதாமல், கூட்டக் கூடாத இடத்தில் தூரத்தைக் கூட்டுவோம். பின்னோக்கி எண்ணினால் முதலில் ஓய்வு வாரங்கள் இடம்பிடிக்கும். அவைதான் எப்போதும் முதலில் பலியாகிறவை.

பயணம், வீட்டு விசேஷம், வேலை நெருக்கடி எல்லாவற்றையும் இப்போதே குறித்துவிடுங்கள். ஒரு நாள் ஓட்டம் தவறினால் தவறியதுதான். அதை மறுநாள் சேர்த்து ஓடாதீர்கள். ஒரு வாரம் தவறினால் விட்ட இடத்துக்கு ஒரு படி கீழிருந்து தொடரலாம். மூன்று வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் அந்த ஓட்டத்தை அரை மாரத்தானாக மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

3. காலணியும் சில்லறைப் பொருள்களும்

ஷூவை மாலையில் வாங்குங்கள். பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். நீண்ட ஓட்டத்திலும் அப்படித்தான் வீங்கும். நீளமான விரலுக்கும் ஷூவின் முனைக்கும் நடுவே கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் நகம் கறுக்கும், பிறகு விழும்.

விலை, நிறம், விளம்பரம் இவற்றைவிடப் போட்டு ஓடிப் பார்க்கும்போது சுகமாக இருக்கிறதா என்பதே நல்ல அளவுகோல். கார்பன் தகடு வைத்த ஷூ முதல் மாரத்தானுக்குத் தேவையில்லை.

ஒரு ஜோடி 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும். 18 வாரப் பயிற்சியில் 700 கிலோமீட்டருக்கு மேல் போகும். ஆகவே நடுவில் இரண்டாவது ஜோடி வாங்கி இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஓட்டத்தன்று போடும் ஜோடி குறைந்தது 50 கிலோமீட்டர் ஓடியிருக்க வேண்டும், ஒரு லாங் ரன்னையாவது (வாரத்தின் நீண்ட ஓட்டம்) பார்த்திருக்க வேண்டும்.

பருத்தி காலுறை வேண்டாம். ஈரத்தைப் பிடித்துவைத்துக் கொப்புளம் உண்டாக்கும். தொடை இடுக்கு, அக்குள், மார்புக்காம்பு, பெண்களுக்கு பிராவின் விளிம்பு ஆகிய இடங்களில் வாசலின் தடவுங்கள். 10 கிலோமீட்டரில் ஒன்றும் தெரியாது. 25-க்கு மேல் வெள்ளைச் சட்டையில் இரண்டு சிவப்புக் கோடுகளோடு வரும் ஆண்களைப் பார்த்திருப்பீர்கள். குளிக்கும்போதுதான் அதன் முழு அர்த்தம் விளங்கும்.

4. முதல் ஆறு வாரம்: மெதுவாக ஓடக் கற்றுக்கொள்ளுங்கள்

புதியவர்களுக்கு மிகக் கஷ்டமான பயிற்சி இதுதான். வேகமாக ஓடச் சொன்னால் உடனே ஓடுவார்கள். மெதுவாக ஓடச் சொன்னால் வாட்சைப் பார்த்து வெட்கப்படுவார்கள்.

ஈஸி ரன் என்றால் பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் அது ஈஸி இல்லை. 5 கிலோமீட்டரை 30 நிமிடத்தில் ஓடுபவருக்கு ஈஸி வேகம் கிலோமீட்டருக்கு ஏழேகால் முதல் ஏழே முக்கால் நிமிடம் வரை இருக்கும். மேட்டில் அதற்கும் குறையும். வெயிலிலும் குறையும்.

ஏன் இவ்வளவு மெதுவாக? இந்த வேகத்தில்தான் உடல் கொழுப்பை எரிபொருளாக நன்றாகப் பயன்படுத்தப் பழகுகிறது. தசைகளுக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. களைப்பு அடுத்த நாளுக்கு மிஞ்சாததால் வாரத்துக்கு நான்கு நாள் ஓட முடிகிறது. வேகமாக ஓடினாலும் இந்தப் பலன்களில் பல கிடைக்கும்தான். ஆனால் இரண்டு நாள் கால் கனக்கும், மொத்தத் தூரம் குறைந்துவிடும்.

முதல் ஆறு வாரம் எல்லா ஓட்டமும் ஈஸிதான். வாரம் ஒருநாள் மட்டும் ஓட்டத்தின் முடிவில் 20 வினாடி வேக ஓட்டம் நான்கைந்து சேர்த்துக்கொள்ளலாம். அது களைப்புக்கு அல்ல. கால் சோம்பிப் போகாமல் இருக்க.

நான்கு நாளைப் பிரிப்பது எளிது. செவ்வாய் 7, வியாழன் 8, சனி 5, ஞாயிறு லாங் ரன். சனிக்கிழமை ஓட்டம் குட்டையாக இருப்பதற்குக் காரணம் ஞாயிறு.

இப்போதிருந்தே நடையையும் சேர்க்க நினைத்தால் தாராளமாகச் சேர்க்கலாம். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்பது போன்ற முறையைப் பரப்பியவர் 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலவே. அதில் ஒரு நிபந்தனை உண்டு: நடையை முதல் கிலோமீட்டரிலிருந்தே தொடங்க வேண்டும். களைத்த பிறகு நடப்பது அந்த முறை இல்லை, அது என் முதல் மாரத்தான்.

5. லாங் ரன்: எல்லாம் இதைச் சுற்றித்தான்

நான் புதியவர்களுக்கு எழுதிக்கொடுக்கும் 18 வார லாங் ரன் தூரம், கிலோமீட்டரில்:

12, 14, 16, 12, 18, 20, 22, 16, 24, 26, 18, 28, 30, 20, 32, 20, 13, பிறகு ஓட்ட நாள்.

எண்கள் நடுநடுவே இறங்குவதைக் கவனியுங்கள். உடல் பலப்படுவது ஓடும்போது அல்ல, ஓடிய சேதத்தைச் சரிசெய்யும்போது. அதற்கு நேரம் கொடுக்கத்தான் அந்த இறக்கம். "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று இறக்க வாரத்தில் கூடுதலாக ஓடுபவர்கள் இரண்டு வாரம் கழித்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

லாங் ரன்னை மட்டும் கூட்டி மற்ற நாட்களை அப்படியே விடுவதும் தப்பு. ஒரே நாள் ஓட்டம் வாரத் தூரத்தில் பாதியை ரொம்பத் தாண்டக் கூடாது. 32 ஓடும் வாரத்தில் மற்ற மூன்று நாளும் சேர்த்து 25-லிருந்து 28 வரையாவது இருக்கட்டும்.

தூரத்தைவிட நேரத்துக்கு ஒரு எல்லை வையுங்கள்: மூன்றரை மணி நேரம். கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடத்தில் ஓடுபவர் 28-லேயே அந்த எல்லையைத் தொட்டுவிடுவார். அங்கேயே நிறுத்திவிடட்டும். அதற்கு மேல் கிடைக்கும் பலன் குறைவு, காயத்தின் வாய்ப்பு அதிகம்.

"முழு 42-ஐயும் ஒரு தடவை ஓடிப் பார்த்துவிட்டால் தைரியம் வருமே?" என்று எல்லோரும் கேட்பார்கள். வரும். அதோடு மூன்று வாரக் களைப்பும் வரும், அந்த மூன்று வாரப் பயிற்சி போய்விடும். 30-க்கும் 42-க்கும் நடுவே உள்ள தூரத்தை ஓட்ட நாள் பார்த்துக்கொள்ளும். அதற்குத்தான் டேப்பர், அதாவது தூரத்தைக் குறைக்கும் கடைசி மூன்று வாரம், இருக்கிறது.

லாங் ரன்னை ஈஸி வேகத்தில் ஓடுங்கள். 12-வது வாரத்திலிருந்து, 28, 30, 32 ஓட்டங்களில் கடைசி 6 முதல் 10 கிலோமீட்டரை மட்டும் மாரத்தான் வேகத்துக்கு, அதாவது ஓட்ட நாளில் ஓட நினைக்கும் வேகத்துக்கு, ஏற்றலாம். களைத்த காலோடு அந்த வேகம் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரியும். குழுவாக ஓடினால் முன்னால் போகிறவரைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் எப்படியும் வரும். லாங் ரன்னில் முதலாவதாக வருபவருக்கு யாரும் பதக்கம் கொடுப்பதில்லை.

6. ஓடாத நாட்கள்

வாரத்துக்கு இரண்டு தடவை, 20 நிமிடம் போதும். ஸ்குவாட், ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கி இறக்குவது, இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ், பிளாங்க். 30 கிலோமீட்டருக்குப் பிறகு ஓட்டத்தின் வடிவம் குலைவது இடுப்பும் கெண்டைக்காலும் தளர்வதால். அதைத் தள்ளிப்போடத்தான் இந்தப் பயிற்சி. லாங் ரன்னுக்கு முந்தின நாள் மட்டும் வேண்டாம்.

தூக்கம் 7 மணி நேரத்துக்குக் குறைந்தால் பயிற்சியைக் குறையுங்கள். எடை குறைப்பையும் மாரத்தான் பயிற்சியையும் ஒன்றாகச் செய்யாதீர்கள். சாப்பாடு போதாமல் ஓடினால் எலும்பு பலவீனமாகும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நின்றுபோவதோ அதற்கான தெளிவான அறிகுறி. அதை "பயிற்சி அதிகம், அப்படித்தான்" என்று விடக் கூடாது.

7. வலி வந்தால்

எல்லா வலிக்கும் நின்றால் ஓட முடியாது. எந்த வலிக்கும் நிற்காவிட்டாலும் ஓட முடியாது.

நான் பார்ப்பது மூன்று விஷயம். ஓட ஓட வலி கூடுகிறதா? வலியால் நடையோ ஓட்டமோ கோணலாகிறதா? மறுநாள் காலையில் அதிகமாக இருக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் நிறுத்துங்கள். இரண்டு தொடையிலும் பரவலாக இருக்கும் வலி பெரும்பாலும் தசைக் களைப்பு. இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

எலும்பின் மேல் விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் அழுத்தினால் சுரீரென்று வலிக்கிறதா, படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா? அது எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம். அன்றோடு ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். ஐஸ் வைத்துக்கொண்டு ஓடிக் கடக்கும் விஷயம் இல்லை அது.

சளி மூக்கோடு நின்றால் மெதுவாகக் கொஞ்சம் ஓடலாம். காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ உடம்புவலியோ இருந்தால் ஓடவே கூடாது. வைரஸ் காய்ச்சலோடு கடுமையாக ஓடுவது இதயத் தசையில் அழற்சி ஏற்படும் ஆபத்தைக் கூட்டும்.

8. ஓடிக்கொண்டே சாப்பிடப் பழகுங்கள்

கணக்கைப் பாருங்கள். ஓட்டத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 1 கலோரி செலவாகும். 65 கிலோ எடை உள்ளவருக்கு 42 கிலோமீட்டருக்கு 2,700 கலோரி. தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்ந்திருப்பது சுமார் 2,000 கலோரி. மீதியைக் கொழுப்பு தரும், ஆனால் மெதுவாகத்தான் தரும். வேகமாக ஓட ஓட கிளைக்கோஜனின் பங்கு கூடும். 30-க்கும் 35-க்கும் நடுவே பலர் திடீரென்று சக்தி தீர்ந்து 'சுவரில் மோதுவது' இந்தக் கணக்கால்தான். மன உறுதிக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

ஆகவே மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு ஜெல்லில் (ஓடிக்கொண்டே விழுங்கும் இனிப்புக் கூழ்ப் பாக்கெட்) பொதுவாக 20 முதல் 25 கிராம் இருக்கும். பாக்கெட்டின் பின்புறம் பாருங்கள். நான்கரை மணி நேர ஓட்டத்துக்கு 30-வது நிமிடத்தில் தொடங்கி அரைமணிக்கு ஒன்று என்றால் எட்டு ஜெல். "எட்டா!" என்று எல்லோரும் அலறுவார்கள். அதனால்தான் பழக வேண்டும் என்கிறேன். பேரீச்சம்பழம், மிட்டாய், ஸ்போர்ட்ஸ் டிரிங்க் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

ஓடும்போது ரத்தம் கால்களுக்குப் போய்விடும், வயிற்றுக்குக் குறைவாகவே கிடைக்கும். பழகாத வயிறு இனிப்பைத் திருப்பி அனுப்பும், மேலேயோ கீழேயோ. 18 கிலோமீட்டரைத் தாண்டும் எல்லா லாங் ரன்னிலும், ஓட்ட நாளில் எடுக்கப்போகும் அதே பொருளை அதே இடைவெளியில் எடுத்துப் பாருங்கள். ஜெல்லைத் தண்ணீரோடு விழுங்குங்கள். ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கோடு சேர்த்தால் சர்க்கரை அடர்ந்து வயிறு இழுக்கும்.

பசி எடுத்த பிறகு சாப்பிடலாம் என்று காத்திருப்பது என் பழைய தப்பு. முதல் ஜெல்லை 25-வது கிலோமீட்டரில் பிரித்தேன். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. ரத்தத்தில் ஏறவே கால்மணி நேரம் ஆகும்.

தண்ணீரைப் பொறுத்தவரை குறைவாகக் குடிப்பதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஐந்து ஆறு மணி நேரம் ஓடுபவர்களுக்கு அதிகமாகக் குடிப்பதும் ஆபத்து. வழியில் ஒவ்வொரு தண்ணீர் மேஜையிலும் இரண்டு கோப்பை என்று குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். குமட்டல், தலைவலி, விரல் வீக்கம், குழப்பம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். தாகத்துக்குக் குடியுங்கள். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்: 1 கிலோ குறைந்தால் சுமார் 1 லிட்டர் வியர்வை. அது முழுவதையும் ஓடும்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை. ஓடி முடித்து எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள்.

9. இலக்கு நேரத்தை இப்போதுதான் முடிவு செய்ய வேண்டும்

பெரும்பாலோர் இதை முதல் நாளே முடிவு செய்கிறார்கள்: "நாலு மணி நேரம்." ஏன் நாலு? முழு எண், அவ்வளவுதான்.

ஓட்டத்துக்கு ஐந்தாறு வாரம் முன்பு ஓர் அரை மாரத்தானை முழு முயற்சியோடு ஓடுங்கள். அந்த வாரத்து லாங் ரன் அதுதான். ஓட்டக்காரர்கள் பயன்படுத்தும் ரீகல் சூத்திரப்படி இரட்டித்த தூரத்துக்கு நேரம் ஏறக்குறைய 2.085 மடங்கு ஆகும். 2 மணி நேர அரை மாரத்தானுக்கு 4 மணி 10 நிமிடம். வாரத்துக்கு 50, 60 கிலோமீட்டர் மட்டும் ஓடும் முதல்முறைக்காரருக்கு இது கொஞ்சம் தாராளமான கணக்கு. நான் இன்னும் 15, 20 நிமிடம் சேர்த்தே சொல்வேன்.

4 மணி 30 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 6:24. ஐந்து கிலோமீட்டருக்கு 32 நிமிடம். மனதில் வைத்துக்கொள்ள எளிது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பாதையை அளப்பவர்கள் திருப்பங்களில் மிகக் குறுகிய கோட்டில்தான் அளப்பார்கள். கூட்டத்தில் வளைந்து வளைந்து ஓடும் உங்கள் ஜிபிஎஸ் வாட்ச் கடைசியில் 42.5, 42.6 என்று காட்டும். வாட்சில் சரியாக 6:24 வைத்து ஓடினால் இரண்டு மூன்று நிமிடம் தாமதமாகத்தான் முடிப்பீர்கள். வாட்சில் 6:20-ஐக் குறிவையுங்கள், அல்லது சாலையோரக் கிலோமீட்டர் பலகையை நம்புங்கள்.

10. டேப்பர்: கை சும்மா இருக்காத மூன்று வாரம்

32 ஓடி முடித்த அன்றிலிருந்து தூரம் இறங்க வேண்டும். முதல் வாரம் உச்ச வாரத்தின் முக்கால் பங்கு, அடுத்தது பாதி, கடைசி வாரம் ஓட்டத்தைத் தவிர்த்துக் கால் பங்கு. நாட்களின் எண்ணிக்கையை அப்படியே வைத்து ஒவ்வொரு ஓட்டத்தையும் குறையுங்கள். மாரத்தான் வேகத்தில் சில கிலோமீட்டர்கள் மட்டும் தொடரட்டும், கால் மறக்காமல் இருக்க.

இந்த வாரங்களில் இல்லாத வலியெல்லாம் வரும். முழங்கால் முணுமுணுக்கும், தொண்டை கரகரக்கும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதாகத் தோன்றும். பெரும்பாலும் பதற்றம்தான். பயந்துபோய் ஓட்டத்துக்குப் பத்து நாள் முன்பு 28 கிலோமீட்டர் ஓடியவர் எங்கள் குழுவில் இருக்கிறார். கடைசிப் பத்து நாளில் ஓடும் ஓட்டம் எதுவும் பலமாக மாறாது, களைப்பாக மட்டும் மாறும்.

11. கடைசி மூன்று நாள்

மாவுச்சத்தைக் கூட்டுங்கள், மொத்தச் சாப்பாட்டை அல்ல. கொழுப்பையும் நார்ச்சத்தையும் குறைத்து அந்த இடத்தில் சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு போன்ற எளிதில் செரிப்பவை. கடைசி இரண்டு நாள் உடல் எடையில் கிலோவுக்கு 8 முதல் 10 கிராம் என்பது நல்ல அளவு. ஒரே இரவில் வயிறு முட்டச் சாப்பிடுவது இதற்கு ஈடாகாது. மறுநாள் கழிப்பறை வரிசையில்தான் நிற்க வைக்கும்.

எடை ஒன்றரை கிலோ கூடலாம். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீர் சேர்கிறது. கவலைப்பட வேண்டாம்.

பிப் (சட்டையில் குத்தும் எண் அட்டை) வாங்கப் போகும் கண்காட்சியில் இலவச மாதிரி, புது ஜெல், தள்ளுபடி ஷூ எல்லாம் கூப்பிடும். வாங்கினாலும் பையிலேயே இருக்கட்டும். முந்தின இரவு தூக்கம் வராது, அதனால் ஓட்டம் கெடாது. அதற்கும் முந்தின இரவு நன்றாகத் தூங்கிவிடுங்கள்.

12. ஓட்ட நாள் காலை

தொடங்குவதற்கு இரண்டரை மூன்று மணி நேரம் முன்பு சாப்பிடுங்கள். லாங் ரன் நாட்களில் சாப்பிட்டுப் பழகிய அதே உணவு. பிப்பை முந்தின இரவே சட்டையில் குத்திவிடுங்கள். வாசலின், ஜெல், ஷூ நாடாவில் இரட்டை முடிச்சு.

ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். போனதும் நேராகக் கழிப்பறை வரிசை. முடித்ததும் திரும்ப வரிசையின் கடைசிக்கே போய் நில்லுங்கள்; மறுபடி தேவைப்படும்.

உங்கள் வேகத்துக்குரிய இடத்தில், அல்லது அதற்குக் கொஞ்சம் பின்னால் நில்லுங்கள். கோட்டைத் தாண்டும்போதுதான் சிப் நேரம் (உங்களிடம் உள்ள சிப் பதியும் உங்கள் சொந்த நேரம்) தொடங்குகிறது, பின்னால் நிற்பதால் அதில் இழப்பு இல்லை. கட்-ஆஃப் மட்டும் துப்பாக்கி நேரத்திலிருந்தா (ஓட்டம் தொடங்கிய நொடியிலிருந்தா) என்று விதிமுறையில் பார்த்து வைத்திருக்க வேண்டும்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். ஐபுப்ரொஃபென் வகை மாத்திரைகள் நீண்ட ஓட்டத்தில் சிறுநீரகத்துக்குக் கெடுதல்.

13. 42.195 கிலோமீட்டர்

முதல் 5 கிலோமீட்டர்: இலக்கைவிடக் கிலோமீட்டருக்குப் பத்து வினாடி மெதுவாக. எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள். அது உங்களுக்கு நல்லது. மூன்று வாரம் ஓய்வெடுத்த கால், கூட்டம், இசை எல்லாம் சேர்ந்து எந்த வேகமும் சுலபமாகத் தெரியும் நேரம் இது. இங்கே மிச்சம் பிடித்த ஒரு நிமிடத்துக்குக் கடைசியில் ஐந்து நிமிடம் கொடுக்க வேண்டிவரும். 2023-ல் சிகாகோவில் கென்ய வீரர் கெல்வின் கிப்டம் 2:00:35-ல் ஓடி உலக சாதனை படைத்தபோதுகூட முதல் பாதி 60:48, இரண்டாம் பாதி 59:47.

5 முதல் 30 வரை: இலக்கு வேகம், அரைமணிக்கு ஒரு ஜெல், தாகத்துக்குத் தண்ணீர். தண்ணீர் மேஜைகளில் முதல் மேஜையில் நெரிசல் இருக்கும், கடைசி மேஜைக்குப் போங்கள். கோப்பையின் வாயைக் கிள்ளிக் குடித்தால் மூக்கில் ஏறாது. பத்தடி நடந்து குடித்தால் இன்னும் நல்லது. பேசருடன் (குறித்த நேரத்தில் முடிக்க வழிகாட்டி ஓடுபவர்) ஓடுவதானால் அவர் சீராக ஓடுகிறாரா என்று இரண்டு மூன்று பலகைகளில் சரிபாருங்கள். ஆரம்பத்தில் அவசரப்படும் பேசர்களும் உண்டு. 21-ல் "நன்றாக இருக்கிறது, கூட்டலாமா?" என்று தோன்றும். வேண்டாம்.

30 முதல் 38 வரை: இங்கேதான் ஓட்டமே தொடங்குகிறது. வேகத்தை மறந்து முயற்சியை மட்டும் நிலையாக வையுங்கள். அடுத்த பலகை வரை, அடுத்த மேஜை வரை என்று துண்டு துண்டாகப் போங்கள். ஜெல் பிடிக்காது, ஆனாலும் எடுங்கள். ஒரு தடவை 35-வது கிலோமீட்டர் மேஜையில் தண்ணீர் தீர்ந்திருந்தது. அன்றிலிருந்து 25-க்கு மேல் கையில் ஒரு சிறிய பாட்டில் வைத்துக்கொள்கிறேன்.

தசைப்பிடிப்பு வந்தால் வேகத்தைக் குறைத்து நடங்கள், அந்தத் தசையை மெதுவாக நீட்டிப் பிடியுங்கள். நடக்க வேண்டிவந்தால் கணக்கு வைத்து நடங்கள்: அந்த விளக்குக் கம்பம் வரை நடை, அதற்கடுத்த நான்கு கம்பம் ஓட்டம். எதுவரை என்று சொல்லாமல் நடக்கத் தொடங்கினால் திரும்ப ஓடுவது கஷ்டம்.

நெஞ்சில் இறுக்கம், தள்ளாட்டம், குழப்பம், வியர்வை நின்று உடல் குளிர்வது போன்ற உணர்வு: உடனே நின்று, பக்கத்திலிருக்கும் தன்னார்வலரைக் கூப்பிடுங்கள். ஓட்டம் அடுத்த வருடமும் நடக்கும்.

38-க்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மிச்சம் இருப்பதைச் செலவழியுங்கள்.

14. கோட்டைத் தாண்டியதும்

சட்டென்று நிற்காதீர்கள், உட்காராதீர்கள். இதுவரை காலின் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தன. நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி மயக்கம் வரும். பத்து பதினைந்து நிமிடம் மெதுவாக நடங்கள். பிறகு உலர்ந்த உடை, ஒரு மணி நேரத்துக்குள் மாவுச்சத்தும் புரதமும் உப்பும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக.

மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் வலி உச்சம். படியில் பின்பக்கமாக இறங்குங்கள். சிரிப்பாக இருக்கும், வலி குறைவாக இருக்கும். ஒரு வாரம் ஓட்டமே வேண்டாம், நடையும் நீச்சலும் போதும். சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போனால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதன் அறிகுறி அது.

பத்தாவது நாள் வாக்கில் வாட்ச் இல்லாமல் அரைமணி நேரம் ஓடிப் பாருங்கள். அதுவரை அடுத்த ஓட்டத்துக்கான பதிவுப் பக்கத்தைத் திறக்க வேண்டாம். நான் மூன்றாவது நாளே திறந்து, ஏழு வாரம் கழித்து நடக்கவிருந்த ஒன்றுக்குப் பணம் கட்டி, அதன் தொடக்கக் கோட்டுக்கே போகவில்லை. கெண்டைக்கால் விடவில்லை, கட்டிய பணமும் திரும்பவில்லை.